எட்டாவது மகன் வரும்வரை

கிறிஸ்துவுக்குள் எனக்கு அன்பான சபையாரே,



சனிக்கிழமை இரவு இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலை ஆராதனையில் கண்களைத் திறந்துவைக்கப் போராடும் வாலிபர்கள் நம் சபையில் உண்டு என்பதை நான் அறிவேன். அவர்களைக் கண்டிப்பதற்காக இந்தத் தியானத்தை எழுதவில்லை. அவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. பிறர் மதிக்காத இளைஞர்களைப் பெரிய கால்பந்து கிளப்புகள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன? அதைப் பற்றி வாசிக்க வாசிக்க, 1 சாமுவேல் 16ஆம் அதிகாரம் என் கண்முன் விரிந்தது. இரண்டையும் சேர்த்து உங்கள் முன் வைக்கிறேன். முடிவில் நம் சபையைக் குறித்தும் ஒரு கருத்தைச் சொல்லப்போகிறேன். அது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

பெத்லகேமில் நடந்ததை நீங்கள் நன்கு அறிவீர்கள். சவுலுக்குப் பதிலாக ஒரு ராஜாவை அபிஷேகம்பண்ணும்படி, சாமுவேல் தீர்க்கதரிசி தைலக்கொம்போடு ஈசாயின் வீட்டுக்கு வருகிறார். மூத்தவன் எலியாப் வந்து நின்றவுடனே, இவன்தான் என்று அவர் மனம் முடிவுசெய்துவிடுகிறது. உயரமும் தோற்றமும் அப்படிப்பட்டவை. கர்த்தரோ அவரைத் தடுக்கிறார். மனிதரின் பார்வை வெளித்தோற்றத்தோடு நின்றுவிடுகிறது, தம்முடைய பார்வை உள்ளத்துக்குள் செல்கிறது என்று உணர்த்துகிறார். ஏழு குமாரர் வரிசையாகக் கடந்துபோகிறார்கள். பிள்ளைகள் இவ்வளவுதானா என்று கேட்ட பிறகே, ஆடு மேய்க்கும் இளையவன் ஒருவன் இருப்பதைத் தகப்பன் சொல்கிறார். அவன் வந்து சேரும்வரை பந்தியில் அமரமாட்டேன் என்கிறார் சாமுவேல். வயது முதிர்ந்த தீர்க்கதரிசி ஒரு சிறுவனுக்காக நின்றுகொண்டே காத்திருக்கிறார்.

இனி லெஸ்டர் நகருக்கு வாருங்கள். 2014 ஜனவரியில் லெஸ்டர் சிட்டி கிளப், பிரான்சின் லே ஹாவ்ர் அணியிலிருந்து ரியாத் மஹ்ரெஸ் என்ற இளைஞரை ஒப்பந்தம் செய்தது. கால்பந்து உலகில் ஸ்கவுட் என்றால் சாரணர் அல்ல. ஊர் ஊராகச் சென்று திறமையுள்ள ஆட்டக்காரரைத் தேடுபவர். லெஸ்டரில் அந்தப் பணிக்குத் தலைமை வகித்தவர் ஸ்டீவ் வால்ஷ். அவர் மஹ்ரெஸைத் தேடிப் பிரான்சுக்குச் செல்லவில்லை. அதே அணியின் வேறொரு ஆட்டக்காரரைப் பார்க்கச் சென்றார். பார்த்துக்கொண்டிருந்தபோது மெலிந்த உடலோடு பந்தைத் தன் காலில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடிய ஒருவர் அவர் கண்ணில் பட்டார். மஹ்ரெஸ் பாரிஸின் புறநகரான சார்செலில் வளர்ந்தவர், பதினைந்து வயதில் தகப்பனை இழந்தவர், பிரான்சின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர். அவருக்காக லெஸ்டர் கொடுத்த தொகை ஐந்து இலட்சம் பவுண்டுக்கும் குறைவு. 2016இல் இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தாங்களே வாக்களித்து அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தெரிந்தெடுத்தார்கள்.

அந்த அணியில் அவர் ஒருவர் மட்டும் அப்படி வந்தவர் அல்ல. ஜேமி வார்டியைப் பதினாறு வயதில், உடல் சிறியது என்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் அனுப்பிவிட்டது. வாரம் முப்பது பவுண்டுக்கு ஒரு சிற்றூர் அணியில் ஆடிக்கொண்டே, ஊனமுற்ற கை கால்களைத் தாங்கும் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்தார். 2012இல் லெஸ்டர் அவரை அழைத்தபோது அவருக்கு வயது 25. மூன்றாமவர் என்கோலோ காண்டே. குள்ளமானவர் என்று பல அகாடமிகள் அவரை ஏற்கவில்லை. பாரிஸை அடுத்த சுரேன் என்னும் இடத்தின் சிறிய கிளப்பிலேயே பத்தொன்பது வயதுவரை இருந்தார். 2015இல் அவரும் லெஸ்டருக்கு வந்தார். 2016 மே மாதத்தில், யாரும் எதிர்பாராத அந்த அணி இங்கிலாந்தின் முதன்மை லீக்கை வென்றது. வீடு கட்டுகிறவர்கள் தள்ளிப்போட்ட கற்களைக் கொண்டு எழும்பிய சுவர் என்றே அதைக் கண்டேன்.

பிரியமானவர்களே, இத்தகைய கிளப்புகளிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய சில காரியங்கள் உண்டு.

முதலாவது, இன்றைய உயரத்தை அவர்கள் நாளைய தகுதியாக எண்ணிவிடக் கூடாது என்று கற்றிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. சிறுவர் அணிகளும் அந்தக் கணக்கின்படியே பிரிக்கப்படுகின்றன. ஒன்பது வயதில், செப்டம்பரில் பிறந்தவனுக்கும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனுக்கும் ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு இருக்கும். ஆகவே அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே அதிகமாக இருக்கிறார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிறந்தவர்கள் குறைந்துபோகிறார்கள். திறமைக்கும் பிறந்த மாதத்துக்கும் சம்பந்தமில்லை. பெரிய உடலைத்தான் பயிற்சியாளர்கள் பெரிய திறமை என்று எண்ணிவிடுகிறார்கள். ஜூலை இறுதியில் பிறந்த ஹாரி கேன் என்ற சிறுவனை ஆர்சனல் கிளப் ஓராண்டுக்குப் பின் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. 2023இல் அவரே இங்கிலாந்து நாட்டு அணிக்காக மிக அதிக கோல் அடித்தவரானார். இந்தத் தவற்றை உணர்ந்த சில கிளப்புகள், வயதை விட்டுவிட்டு, உடல் வளர்ந்த அளவின்படி சிறுவரைப் பிரித்து ஆடவைத்துப் பார்க்கின்றன. எலியாபின் உயரத்தைக் கண்டு ஏமாந்த சாமுவேலுக்குக் கர்த்தர் கொடுத்த பாடத்தை அவர்கள் வேறொரு வழியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, கைதட்டல் கிடைக்காத வேலையை அவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். கோல் அடித்தவனை எல்லாரும் பார்க்கிறார்கள். எதிராளியிடமிருந்து பந்தை மீட்டு, அருகிலிருப்பவனுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஓடுகிறவனை யார் பார்க்கிறார்கள்? காண்டேயின் வேலை அதுவே. ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை பந்தை மீட்டான், எத்தனை முறை எதிரணியின் பந்தை இடைமறித்தான் என்பதையெல்லாம் இன்று கிளப்புகள் கணக்கெடுக்கின்றன. அந்தக் கணக்கே, பிரான்சின் சிறிய அணி ஒன்றில் மறைந்திருந்தவரை வெளியே கொண்டுவந்தது.

மூன்றாவது, கணக்கோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை; நேரில் போகிறார்கள். கணினியில் எவ்வளவு பார்த்தாலும், ஒப்பந்தத்துக்கு முன் ஒருவர் மழையிலும் குளிரிலும் அந்தச் சிறிய மைதானத்தின் ஓரத்தில் போய் நிற்கிறார். பந்து தன்னிடம் இல்லாதபோது அந்த இளைஞன் என்ன செய்கிறான்? தவறு செய்தபின் தலை குனிந்து நிற்கிறானா, எழுந்து ஓடுகிறானா? பயிற்சியாளர் வெளியே அழைத்தால் எப்படி நடந்துகொள்கிறான்? இவை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

நான்காவது, பிறர் விலக்கியவர்களை அவர்கள் தேடிச் செல்கிறார்கள். லண்டனின் பிரென்ட்ஃபோர்ட் சிறிய கிளப். அது அரும்பாடுபட்டு வளர்த்த சிறுவரைப் பெரிய கிளப்புகள் சொற்ப ஈட்டுத்தொகை கொடுத்து எடுத்துச் சென்றன. 2016இல் அந்தக் கிளப் தன் அகாடமியையே மூடிவிட்டு, பெரிய கிளப்புகள் வேண்டாம் என்று அனுப்பிய இளைஞரையும், பிறர் கவனியாத நாடுகளின் இளைஞரையும் சேர்த்து 'பி' அணி ஒன்றை அமைத்தது. 2021இல் பிரென்ட்ஃபோர்ட், 74 ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் முதல்நிலை லீக்கை அடைந்தது.

இம்மட்டும் வாசித்தவர்கள், "போதகர் கால்பந்து கிளப்புகளைச் சபைக்கு முன்மாதிரியாக வைக்கிறாரே" என்று எண்ணலாம். அவர்களுடைய கண்கள் நமக்கு வேண்டும். அவர்களுடைய தராசு நமக்கு வேண்டாம். இந்த வேறுபாட்டைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மொய்செஸ் கைசெடோ எக்வடோர் நாட்டில் பத்துப் பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்தின் கடைசி மகன். 2021இல் ஏறத்தாழ 45 இலட்சம் பவுண்டு கொடுத்து பிரைட்டன் கிளப் அவரை வாங்கியது. 2023 ஆகஸ்டில் செல்சீ கிளப்புக்கு அவரை விற்றபோது பேசப்பட்ட தொகை பதினொன்றரைக் கோடி பவுண்டுவரை சென்றது. அந்தக் குடும்பத்தின் வறுமை நீங்கியதற்காக நான் மகிழ்கிறேன். அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயினும் 'குறைவாக மதிக்கப்பட்டவர்' என்று சந்தை சொல்லும்போது அதன் பொருள் என்ன? நாளை அதிக விலைக்குப் போவார் என்பதே. விலை ஏறுமென்ற நம்பிக்கை உள்ளவரையில் அந்தக் கண்கள் ஒருவனைக் காண்கின்றன. நம்பிக்கை போன அன்று கண்கள் வேறிடம் திரும்புகின்றன.

திரும்பிய கண்களுக்குப் பின்னால் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்து அகாடமிகள் ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்தே பிள்ளைகளைப் பதிவு செய்கின்றன. பதினாறு வயதில் ஒரு தீர்ப்பு, பதினெட்டு வயதில் இன்னொரு தீர்ப்பு. மிகச் சிலரே முதல் அணிக்குள் நுழைகிறார்கள். மற்றவர்கள் பத்தாண்டுகளாக அணிந்த சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். 'நான் ஒரு கால்பந்து வீரன்' என்பதைத் தவிர வேறு எதையும் தன்னைக் குறித்துச் சொல்லத் தெரியாத பையனுக்கு, அந்த மாலைவேளை எப்படி இருக்கும்? இதன் பாரத்தை உணர்ந்து, கிறிஸ்டல் பேலஸ் கிளப் 2022இல் தான் விடுவித்த இளைஞரோடு மூன்று ஆண்டுகள் தொடர்பில் இருந்து, படிப்புக்கும் வேலைக்கும் துணைசெய்யும் திட்டத்தை அறிவித்தது. அப்படி ஒரு திட்டம் செய்தியாகும் அளவுக்கு அரிதாக இருந்தது என்பதே நம்மை வருத்தப்படுத்த வேண்டும்.

இதைவிடக் கொடிய பக்கமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஏழைக் குடும்பங்களிடம் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு சிலர் வருகிறார்கள். உங்கள் மகனை ஐரோப்பாவின் பெரிய கிளப்பில் சேர்க்கிறேன் என்கிறார்கள். குடும்பம் கடன் வாங்கியும் சொத்தை விற்றும் பணம் கொடுக்கிறது. அந்நிய நகரத்தில் தேர்வு ஒன்றும் நடப்பதில்லை. நடந்தாலும் தேறாதவன் தெருவில் விடப்படுகிறான். கேமரூன் நாட்டின் முன்னாள் வீரர் ஜான் கிளோட் எம்வூமின் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே பிரான்சில் ஓர் அமைப்பை நிறுவினார். பதினெட்டு வயதுக்குட்பட்டவரை நாடுவிட்டு நாடு வாங்குவதை, சில விதிவிலக்குகள் தவிர, ஃபிஃபா தடைசெய்திருக்கிறது. அந்த விதியை மீறியதற்காக 2014இல் பார்சிலோனா போன்ற மாபெரும் கிளப்பே தண்டிக்கப்பட்டது. சிறுவரைக் காக்க விதி தேவைப்பட்டது. பெரியவர்களே அதை மீறவும் செய்தார்கள்.

தேவனுடைய பார்வை இவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது? தாவீதின் சரித்திரத்தை அபிஷேகத்தோடு நிறுத்தாமல் தொடர்ந்து வாசியுங்கள். 22ஆம் அதிகாரத்தில் அவர் சவுலுக்குத் தப்பி அதுல்லாம் கெபியில் ஒளிந்திருக்கிறார். அங்கே அவரிடம் வந்து சேர்ந்தவர்கள் யார்? முதலில் அவருடைய சகோதரரும் தகப்பன் வீட்டாரும். பெத்லகேமில் தெரிந்தெடுக்கப்படாமல் கடந்துபோனவர்களே அந்தச் சகோதரர். அவர்கள் கதையிலிருந்து துடைத்தெறியப்படவில்லை. பின்பு ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், மனமுறிவடைந்தவர்கள் என ஏறக்குறைய நானூறு பேர் வந்தார்கள். எந்தச் சேனையும் விரும்பிச் சேர்க்காத மனிதர்கள். ஆட்டுமந்தைக்குப் பின்னாலிருந்து அழைக்கப்பட்டவர், அவர்களில் ஒருவரையும் திருப்பி அனுப்பாமல் அவர்களுக்குத் தலைவரானார். தான் எங்கிருந்து எடுக்கப்பட்டோம் என்பதை அவர் மறந்திருக்கவில்லை.

நம் ஆண்டவர் சொன்ன திராட்சத்தோட்டத்து உவமையையும் எண்ணிப் பாருங்கள். வேலைநேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரமே இருக்கையில் எஜமான் கடைத்தெருவுக்குப் போகிறார். யாரும் கூலிக்கு அழைக்காததால் நாள் முழுவதும் சும்மா நின்றவர்களைக் கண்டு அழைக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தால் அவருக்கு என்ன இலாபம்? எந்த ஸ்கவுட்டும் அப்படி ஓர் ஒப்பந்தம் செய்யமாட்டார். தேவன் நம்மில் மறைந்திருக்கும் விலையைக் கண்டுபிடித்து நம்மை அழைக்கவில்லை. அவர் அழைத்ததினாலேயே நமக்கு விலை உண்டாயிற்று. சிலுவையில் அவர் செலுத்தியது, பின்னாளில் அதிக விலைக்கு விற்பதற்காகக் கொடுத்த முன்பணம் அல்ல.

இப்பொழுது நம் சபைக்கு வருகிறேன். கிளப்புகளின் கூர்மையான கண்கள் நமக்கு இல்லை. அவர்களுடைய தராசு மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று அஞ்சுகிறேன்.

முதலில் என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், வேறொரு ஊரில், ஒரு பையன் ஒவ்வொரு ஞாயிறும் எல்லாருக்கும் முன்னே வந்து பாய் விரிப்பான். ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தூக்கி வைப்பான். பேச்சு சற்றுத் திக்கும். விடுமுறை வேதாகமப் பள்ளியில் சிறுவருக்குக் கதை சொல்லட்டுமா என்று ஒருநாள் கேட்டான். "அடுத்த வருஷம் பார்க்கலாம், தம்பி" என்றேன். அடுத்த வருடமும் சரளமாகப் பேசுகிறவர்களையே தெரிந்துகொண்டேன். அதன்பின் அவன் வரவில்லை. அவன் வராததை நான் உணர்ந்தது எப்போது தெரியுமா? பாய்கள் ஒழுங்காக விரிக்கப்படாமல் கிடந்த ஒரு ஞாயிறன்று. நான் விசாரித்துப் போனபோது அந்தக் குடும்பம் ஊர் மாறியிருந்தது. இன்று அவன் எங்கிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவன் பெயரைச் சொல்லி நான் ஜெபிக்காத வாரம் இல்லை. அவனுக்கு நான் செய்ததைப் 'புறக்கணிப்பு' என்று அப்போது யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நல்லவர்களைத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான் என்றே நானும் எண்ணினேன்.

ஒவ்வொரு ஆண்டும் பொதுத்தேர்வு முடிவுகள் வந்தபின், ஆராதனையில் அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை முன்னே அழைத்துப் பரிசளிக்கிறோம். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. அவர்களுக்காக ஸ்தோத்திரம் சொல்லுகிறேன். ஆனால் அந்த ஞாயிறன்று தேர்வில் தவறிய பிள்ளை எங்கே அமர்ந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வீட்டில். தாய் மட்டும் வந்து கடைசி வரிசையில் அமர்ந்து, கைதட்டல் முடியும்வரை வேதபுத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். பள்ளி மதிப்பெண் பார்க்கட்டும். அது பள்ளியின் வேலை. கல்லூரியும் வேலைத்தலமும் பார்க்கட்டும். பார்க்காத ஓரிடம் பூமியில் இருக்க வேண்டுமானால், அது தேவனுடைய சந்நிதியாக இருக்க வேண்டாமா? மதிப்பெண்ணுக்காகப் பரிசளிக்கும் வழக்கத்தை ஆராதனையிலிருந்து நீக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக, அந்த ஆண்டு தேர்வெழுதிய பிள்ளைகள் அனைவரையும், தேறியவர் தவறியவர் என்ற வேறுபாடின்றி, பெயர் சொல்லி முன்னே அழைத்து ஜெபிப்போம். சபை மூப்பர்களிடம் இதை முன்வைக்கப்போகிறேன்.

"ஊக்கப்படுத்தாவிட்டால் பிள்ளைகள் எப்படி வளரும்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காக ஒரு தேநீர்க் கூடுகை வைத்து அவர்களை வாழ்த்தலாம், அதற்குத் தடையில்லை. ஆராதனையின் நடுவே வைக்கும்போதுதான், தேவனும் மதிப்பெண் பார்க்கிறவர் என்று நம் பிள்ளைகளுக்குப் போதித்துவிடுகிறோம்.

இன்னும் இரண்டு காரியங்களை உங்கள் கையில் கொடுக்கிறேன். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, பாடகர் குழு நடத்துகிறவர்களே, அடுத்த முறை ஒரு பொறுப்புக்கு ஒருவரைத் தெரிந்துகொள்ளும் முன், "பிள்ளைகள் இவ்வளவுதானா?" என்ற சாமுவேலின் கேள்வியை ஒருமுறை கேளுங்கள். யார் இந்த அறையில் இல்லை? யார் வெளியே செருப்புகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்? அவர்கள் வரும்வரை அமராமல் காத்திருங்கள். குடும்பத் தலைவர்களே, கடந்த ஆண்டு நம்மோடு இருந்து இன்று வராத ஒரு வாலிபனின் வீட்டுக்கு இந்த வாரம் போங்கள். எந்தப் பொறுப்புக்கும் அழைக்கப் போகவேண்டாம். "உன்னைப் பார்க்காமல் எங்களுக்குக் குறையாக இருக்கிறது, தம்பி" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான் அன்று சொல்லத் தவறிய வார்த்தை அது.

சனிக்கிழமை இரவு ஆட்டம் பார்க்கும் என் அன்பு வாலிபர்களே, பாருங்கள். பெஞ்சில் அமர்ந்திருப்பவனையும் ஒரு கணம் பாருங்கள். பிறகு ஞாயிறு காலை கொஞ்சம் சீக்கிரம் எழுந்து வாருங்கள். பாய் விரிக்க ஆள் வேண்டும்.

ஜெபிப்போம்: உள்ளங்களை அறிகிற பரலோகப் பிதாவே, எங்களில் தகுதி ஒன்றும் காணாமலேயே எங்களை நேசித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் கண்கள் கடந்துபோன பிள்ளைகளை எங்களுக்குத் திரும்பக் காட்டும். எங்களால் இழக்கப்பட்டவர்களை நீர் இழந்துவிடவில்லை என்ற நம்பிக்கையோடு, இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்